சவ்வின் கதை – 9: நாய்க் கணையம்

வெறிநோய் வைரஸின் மேலே முள்முள்ளாக நிற்கும் 'ஜி' புரதம் போன வாரமே அறிமுகமாகிவிட்டது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். அது சவ்வில் செருகப்படுவதையும் கோல்ஜி என்ற செல் உறுப்பில் அதன் சர்க்கரை திருத்தப்படுவதையும் இந்த வாரம் முடிப்பதாக இருந்தேன். நடுவில் ஒரு நாய் புகுந்துவிட்டது.

1977. லோடிஷ், ராத்மன், புளோபல், லிங்கப்பா, ஃப்ளோரா காட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். எடுத்துக்கொண்டது வெறிநோய் வைரஸின் பங்காளி. மாடு, குதிரையின் வாயில் கொப்புளம் கிளப்புவது. அதன் ஜி புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வை, புரதம் உருவாக்கும் கோதுமை முளைச் சாற்றில் விட்டார்கள். புரதம் செருகிக்கொள்ளச் சவ்வு வேண்டுமே? நாயின் கணையத்திலிருந்து எடுத்தார்கள்.

ஏன் நாய்? செரிமான நொதிகளை ஓயாமல் சுரப்பதால் கணையத்தில் இந்தச் சவ்வு மண்டிக்கிடக்கும். ஆனால் மாட்டுக் கணையத்தில் ஆர்.என்.ஏ.வை நறுக்கித் தள்ளும் நொதியும் ஏராளம். 1950களில் ஆர்மர் என்ற அமெரிக்க இறைச்சி நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து அந்த நொதியை ஒரு கிலோ பிரித்தெடுத்து விஞ்ஞானிகளுக்கு இலவசமாகவே கொடுத்தது! மாட்டுக் கணையச் சவ்வைச் சேர்த்தால் சோதனையே கரைந்துபோகும். நாய்க் கணையத்தில் அந்த நொதி மிகக் குறைவு.

எங்கள் புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டியும் உண்டு, மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையமும் உண்டு. ஈரல், சுவரொட்டி, போட்டி என்று கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணையம் கேட்டவரைப் பார்த்ததில்லை. கருத்தடையும் வெறிநோய் ஊசியும் முடிந்து, காது நுனி வெட்டுப்பட்டுத் தெருவுக்குத் திரும்பும் நாய்களை இந்த வாரம் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்தேன்.

சரி, சோதனைக்கு வருவோம். புரதம் முழுசாக உருவான பிறகு சவ்வைச் சேர்த்தால் அது உள்ளே போகவே இல்லை. சங்கிலி சுமார் 80 அமினோ அமிலம் வளர்வதற்குள் சேர்த்தாக வேண்டும்; மொத்த நீளமோ 511. ஊசிக்காதில் நூலை முனையிலிருந்துதானே கோக்க முடியும்? இங்கே முனை என்பது முதல் 16 அமிலங்கள். வழிகாட்டி முடித்ததும் அது வெட்டி எறியப்படும். சங்கிலி வளர வளர உள்ளே நுழைகிறது. நுழையும்போதே 14 சர்க்கரை கொண்ட ஆயத்தக் கொத்து முதலில் ஓரிடத்திலும் பிறகு இன்னோரிடத்திலும் ஒட்டுகிறது. கடைசிப் பக்கமாக எண்ணெய்த்தன்மையுள்ள பகுதி ஒன்று சவ்விலேயே சிக்கி நின்றுவிட, 29 அமில வால் வெளியே தங்குகிறது.

இதை எப்படி நம்புவது? புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினை மேலே ஊற்றிப் பார்த்தார்கள். வால் மட்டும் போயிற்று; சவ்வுக்குள் போன மிச்சம் பத்திரமாக இருந்தது. ஆய்வகச் சாமர்த்தியத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கோல்ஜிக்கு இடமில்லை, அடுத்த வாரம். குன்னூர் பாஸ்டர் நிலையமும், ஆட்டு மூளையில் தயாரான பழைய வெறிநோய் ஊசியும் அதற்குள் குறுக்கே வந்தால் கோபிக்காதீர்கள்.