உங்களுக்குத் தெரியுமா? 36 வாரத்தோடு முடிந்தது!

கருவில் சிறுநீரகம் மூன்று முறை உருவாகிறது. நாலாவது வாரத்தில் தலைகாட்டும் முதல் ஜோடி எந்த வேலையும் பார்க்காமலே மறைந்துவிடும். இரண்டாவது சில வாரம் தாக்குப்பிடிக்கும். ஐந்தாவது வாரத்தில் துளிர்க்கும் மூன்றாவதுதான் கடைசிவரை நம்மோடு வருவது. அதுவும் இடுப்புக்குழியில் பிறந்து, மெல்ல மேலேறி விலாவுக்கு அடியில் போய் உட்காரும். ஏறும் வழியில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் குதிரை லாட வடிவம்! சுமார் 500 பேரில் ஒருவருக்கு இப்படி. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப் போனால்தான் பலருக்கும் தெரியவரும்.

ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம். கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு உற்பத்தி நின்றுவிடும். பிறகு புதுச்சரக்கே வராத கடைதான். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு ஆரம்ப இருப்பே குறைவு. பின்னாளில் ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வர அது வழிவிடலாம் என்று 1988-ல் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் பாரி பிரென்னர்.

பிறப்பு எடைக்கு அத்தனை மதிப்பா? மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவைக் குறித்துவைத்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களான பின் தேடிப்பிடித்தபோது, சிறியதாகப் பிறந்தவர்களிடம் இதயநோய் அதிகம் இருந்தது. எழுதிவைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு!

நெஃப்ரான் இருப்பைக் கரைப்பதில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு, அடுத்தது ரத்த அழுத்தத்துக்கு. மூட்டுவலிக்கென்று டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரையும் லேசுப்பட்டதல்ல.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு நார்மல் என்றதும் நிம்மதியா? சிறுநீரகத்தின் பாதித் திறன் போகும்வரைகூட அது ஏறாமல் இருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். நுரை அடங்காமல் நின்றால் ஆல்புமின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெங்களூருவில் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு அரசு நிறுவனம் உண்டு: கே.ஆர். மார்க்கெட் பக்கம், விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள நெஃப்ரோ யூராலஜி இன்ஸ்டிட்யூட்.

பெங்களூரு தள்ளுவண்டிகளில் மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தரும் நட்சத்திரப் பழம் பார்க்கவே நாக்கு ஊறும். ஆனால் சிறுநீரக நோயாளி தொடக்கூடாத பழம் அது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நச்சை அவர்கள் உடலால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போகலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு துண்டு சாப்பிடலாம். வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராக ஜூஸ் மட்டும் வேண்டாம்.