தோல் சொல்லும் சாட்சி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்றவுடன் தோல் தொழில் நினைவுக்கு வருவது இயல்பு. வேலூர் ஜில்லா 2019ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்பட்ட போதிலும், பாலாற்றங்கரையில் இத்தொழில் ஒன்றாகவே நிற்கிறது. எண்ணற்ற ஏழைக் குடும்பங்களுக்கு இதுவே கஞ்சி வார்க்கிறது. ஆயினும், ஜீவகாருண்யம் பேசுவோரிற் பலர், மாடுகளுக்கு நேரும் கொடுமை யாவும் இத்தொழிலினின்றே பிறப்பதாகக் கருதுகின்றனர். இது நியாயமா? தோலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலிட்டு மயிர் களைந்தவுடன், அதுவரை மறைந்திருந்த வடுக்கள் வெளிப்படுகின்றன. தரம் பிரிக்கும் அனுபவசாலி அவற்றை ஏடு போல் வாசித்துவிடுவார். பின்புறத்தில் கோடு கோடாயிருப்பின் அது தாற்றுக்கோலின் வேலை. கழுத்தின்மேல் தடித்த தழும்பு, புண் ஆறுமுன் மீண்டும் நுகம் வைத்ததன் அடையாளம். விலாவிலும் தொடையிலும் காண்பது சூட்டுக்கோல் தடம். அம்மி கொத்தினாற்போன்ற சிறு குழிகள், உண்ணி மொய்த்தும் களைவாரில்லாத கதையைச் சொல்லும். இவற்றுள் ஒன்றையேனும் தோல் பதனிடுவோர் இட்டதுண்டா? மாடு உயிரோடிருந்த நாளில், வளர்த்தவரும் வண்டியோட்டியவரும் தரகரும் இட்டவை அவை. வடுவால் தோலின் விலை குறைவதால் தொழிலுக்கும் நஷ்டமே.

காந்தியடிகள் 1921ஆம் ஆண்டிலேயே ‘யங் இந்தியா’வில் இதை இடித்துரைத்தார். கடைசிச் சொட்டுவரை கறந்துவிட்டுப் பசுவைப் பட்டினி போடுவதும், கன்றை வதைப்பதும், எருதின்மேல் அளவுக்கு மீறிப் பாரமேற்றுவதும் நம்மவர் செய்கையே என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே, பிறர் வீட்டு வாயிலை நோக்குமுன் நம் தொழுவத்தை நோக்குவதே முறை.

வடு தோலில் தெரியும்போது மாடு உயிரோடில்லை. உயிரோடிருக்கையிலேயே அறிவது எங்ஙனம்? வேலூரையடுத்த பொய்கையில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச் சந்தையிலாயினும், நமது தெருவிலாயினும், சற்று நின்று பார்த்தால் போதும். விலாவெலும்பை எண்ண இயலுமா? கண் குழிந்திருக்கிறதா? தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிந்தே நிற்கிறதா? அது நீரின்மையின் குறி. குளம்பு நீண்டு வளைந்திருத்தல், மூக்கணாங்கயிறு அறுத்த புண், முறுக்கி ஒடிக்கப்பட்ட வால், சாணம் படிந்து காய்ந்த தொடை, புழு நெளியும் காயம், கையை ஓங்குமுன்னரே அஞ்சி ஒடுங்குதல் ஆகிய யாவும் வாயில்லாப் பிராணியின் முறையீடுகள்.

எனினும் இளைப்பு ஒன்றை மட்டும் கண்டு கொடுமையெனத் துணிதல் தவறு. முதுமையாலும் நோயாலும் குடற்புழுவாலும் மாடு மெலியும். பஞ்சகாலத்தில் உழவனும் மாடும் ஒருங்கே மெலிவர். அவனுக்கு வேண்டுவது வைக்கோலும் வைத்தியமுமேயன்றி வசவன்று. குறிகள் பல ஒன்றுகூடி, வசதியிருந்தும் கவனிப்பு இல்லாதவிடத்தே குற்றம் பிறக்கிறது.

சாலையிலோ குறிகள் இன்னும் வெளிப்படை. சரக்கு லாரியொன்றில் ஆறு மாடுகளுக்குமேல் ஏற்றலாகாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. நெருக்கத்தில் கொம்பு குத்துண்டு விழுந்து மிதிபடும் மாடுகளைக் கண்டும் காணாதார்போற் கடப்போர் எத்தனைபேர்? இக்கொடுமையைக் காரணங் காட்டியே 2000ஆம் ஆண்டில் ‘காப்’ முதலிய அந்நியக் கம்பெனிகள் இந்தியத் தோலை வாங்க மறுத்தன. நெடுஞ்சாலையில் நாம் காணாது விட்ட குறிகளை உலகச் சந்தை கண்டுகொண்டது. பழி விழுந்ததோ தோல் தொழிலின்மேல்!

சட்டம் இல்லாமலில்லை. ஸ்ரீமதி ருக்மிணிதேவி அருண்டேல் 1953ஆம் ஆண்டில் ராஜ்ய சபையில் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1960ஆம் ஆண்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அடித்தல் மட்டுமன்று, போதிய உணவும் நீரும் நிழலும் அளியாமையும், புண்பட்ட மாட்டை வேலை வாங்குவதும் அதன்படி குற்றமே. ஆனால் முதற்குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்! இன்றைய விலைவாசியில் இது தண்டனையா, பரிகாசமா? இதனை உயர்த்துமாறு நமது பிரதிநிதிகளை வற்புறுத்துதல் நம் கடன்.

அதுவரை கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. குறிகளைக் கண்டால் முதலில் உடையவரிடம் இனிமையாய்ப் பேசுக. நோயாயின் 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க. கொடுமையாயின் நாளும் இடமும் குறித்துப் போலீசாரிடம் எழுத்தில் தருக. லாரியை மறித்து அதனை ஓட்டுபவரை அடிப்பது ஜீவகாருண்யமன்று; அதுவும் ஒரு கொடுமையே.

தோல் உண்மையையே சொல்லும். ஆனால் காலங்கடந்து சொல்லும். அதற்கு முன்னரே மாட்டின் கண் சொல்வதைக் கேட்பதன்றோ மனிதத்தன்மை?