மலை ஏற எந்த ஜீப்? 4 வண்டிகள் போட்டா போட்டி!

திருவண்ணாமலை,-

ஜீப் என்றாலே ஒரு காலத்தில் ஜனங்களுக்கு கொஞ்சம் உதறல். ஜீப்பில் வந்தால் தாசில்தார். இல்லாவிட்டால் போலீஸ். அதுவும் இல்லாவிட்டால் பாரஸ்ட்காரர். சொந்தக்காரர் யாரும் ஜீப்பில் வந்தது கிடையாது.

இப்போது கதையே வேறு. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில், வேலூர் ரோட்டு ஓரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதுகில் ஸ்டெப்னி டயரை சுமந்தபடி ஆளுயர ஜீப்புகள் போகின்றன. உள்ளே அதிகாரி இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், மடியில் முறுக்கு டின்!

15 லட்சம், 20 லட்சம் என்று பணம் போகிற சமாசாரம் இது. எந்த வண்டியை வாங்குவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. மகனுக்கு மலை ஏற வேண்டும். அப்பாவுக்கு மைலேஜ் வேண்டும். அம்மாவுக்கு, ஏறி உட்கார முடிந்தால் போதும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

களத்தில் நாலு பேர்

ஜவ்வாது மலைக்கும் போகலாம், மாமியார் வீட்டுக்கும் போகலாம் என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் முக்கியமானவை நாலு. மகிந்திராவின் ஸ்கார்ப்பியோ-என் 2022-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி வந்தது. மாருதியின் 5 கதவு ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. போர்ஸ் கம்பெனியின் 5 கதவு கூர்கா 2024 மே மாதம். மகிந்திராவின் இன்னொரு பிள்ளையான தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டு 15.

இதில் ராக்சுக்குத்தான் கிராக்கி. 2024 அக்டோபர் 3-ந் தேதி புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1 லட்சத்து 76 ஆயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். ரஜினி படத்துக்குக்கூட இந்த தள்ளுமுள்ளு இருக்குமா என்பது சந்தேகம்.

மகிந்திரா ஜீப்புகளை மேட்டிலும் பள்ளத்திலும் போட்டு உருட்டி சோதிக்கும் மைதானம் நமக்கு பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் செய்யூரில், 454 ஏக்கரில். (நம்ம செய்யாறு இல்லை. செய்யூர்!)

போஸ்டரில் ஒரு விலை

ராக்ஸ் வந்தபோது ஊரெல்லாம் பேசிய விலை ரூ.12 லட்சத்து 99 ஆயிரம். "அடேங்கப்பா, பரவாயில்லையே" என்று கிளம்பியவர்கள் பலர். அந்த விலைக்கு கிடைப்பது பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற பெட்ரோல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற 4 வீல் டிரைவ், டீசலில் மட்டும்தான் உண்டு. அதன் ஆரம்ப விலை அப்போது ரூ.18 லட்சத்து 79 ஆயிரம். நடுவில் 5 லட்சத்து 80 ஆயிரம்!

இதை மோசடி என்று சொல்ல முடியாது. டீசல் என்ஜின், கூடுதல் வசதிகள் எல்லாம் சேர்ந்த வித்தியாசம் அது. விலைப்பட்டியலிலும் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் சினிமா மாதிரி விளம்பரத்தில் வண்டி பாறை மேல் ஏறுவதை பார்த்துவிட்டு, குறைந்த விலை வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தால் அந்த பாறை ஏறாது. அதை தெரிந்துகொண்டு பணத்தை எடுக்க வேண்டும்.

ஸ்கார்ப்பியோ-என்னிலும் இதே கணக்குதான். 2022-ல் டீசல் வண்டியில் 4 வீல் டிரைவ் வேண்டுமென்றால் அதே மாடலுக்கு மேலே ரூ.2 லட்சத்து 45 ஆயிரம் தனியாக வைத்தார்கள்.

ஜிம்னியில் இந்த தொல்லை இல்லை. எந்த மாடலை எடுத்தாலும் 4 வீல் டிரைவ் உண்டு. வந்தபோது விலை ரூ.12 லட்சத்து 74 ஆயிரத்தில் ஆரம்பம். கூர்காவும் அப்படியே. ஒரே மாடல், ரூ.18 லட்சம்.

இவையெல்லாம் வண்டி வந்த நாளின் ஷோரூம் விலைகள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. மாறியது. பெரிய ஜீப்புகளுக்கு செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த வரி 40 சதவீதம் ஆனது. ஆகவே பழைய விலைப்பட்டியலை பையில் வைத்துக்கொண்டு பேரம் பேசக்கூடாது. புதுசாக ஒன்று கேட்டு வாங்க வேண்டும்.

ஜப்பானில் அடிதடி

ஜிம்னி கதை தமாஷானது. நம் நாட்டில் ஜனங்கள் அதை அவ்வளவாக சட்டை செய்யவில்லை. வந்த ஆறே மாதத்தில், 2023 டிசம்பரில், விலையை தற்காலிகமாக ரூ.10 லட்சத்து 74 ஆயிரத்துக்கு இறக்கினார்கள். அதே வண்டி இங்கிருந்து கப்பலேறி 2025 ஜனவரியில் ஜப்பானுக்கு போனது. நாலே நாளில் ஏறக்குறைய 50 ஆயிரம் ஆர்டர். சமாளிக்க முடியாமல் புக்கிங்கை மூடிவிட்டார்கள்!

இங்கே ஏன் ஓடவில்லை? உட்கார்ந்து பார்த்தால் தெரியும். 4 பேருக்குத்தான் இடம். டிக்கி 208 லிட்டர். நாலு பேர் இரண்டு நாள் திருப்பதி போய் வரும் சாமான் அதில் அடங்குவது கஷ்டம். ராக்சில் 5 பேர் உட்காரலாம், டிக்கி 447 லிட்டர்.

ஆனால் ஒன்று. ஜிம்னியின் அகலம் 1,645 மில்லி மீட்டர். ராக்ஸ் 1,870. ஏறக்குறைய முக்கால் அடி வித்தியாசம். தேரடி வீதி பக்கம் கூட்டத்தில் வண்டியை செருகி எடுத்தவர்களுக்கு அந்த முக்கால் அடியின் அருமை தெரியும். சுமார் 1,200 கிலோதான் எடை என்பதால் சேற்றிலும் மணலிலும் லேசில் புதையாது. புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் என்று அளவான குடும்பம், நிலத்துக்கு மண் ரோட்டில் போக வேண்டும் என்றால், நம் ஓட்டு இதற்குத்தான்.

கூர்கா ஒரு முரடன்

பார்க்கும்போதே மிலிடெரி வண்டி மாதிரி இருக்கும். மெர்சிடிஸ் என்ஜினின் வழிவந்த 2.6 லிட்டர் டீசல் என்ஜின், 140 குதிரை சக்தி. கியர் கையால்தான் போட வேண்டும், ஆட்டோமேட்டிக் கிடையாது. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி லாக். ஒரு சக்கரம் பள்ளத்தில் சும்மா சுற்றினாலும் மற்ற சக்கரம் வண்டியை இழுத்து வெளியே போட்டுவிடும். கல்லும் கரடுமான இடத்தில் மற்ற மூன்றும் இதற்கு வணக்கம் வைக்க வேண்டியதுதான்.

7 பேருக்கு இடம் என்கிறார்கள். கடைசி 2 சீட்டுக்கு பின் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் மூட்டை முடிச்சு கூரை மேலேதான். ஏர்பேக் இரண்டே இரண்டு.

பாதுகாப்பு பற்றி பேசினால், ராக்ஸ் 2024 நவம்பரில் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. பெரியவர்களுக்கு 32-க்கு 31.09 மார்க். ஸ்கார்ப்பியோ-என் 2022 டிசம்பரில் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம். வீட்டில் சின்ன பிள்ளை இருந்தால் அந்த 3 என்ற எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். ஜிம்னியில் 6 ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு.

பஸ் போகிறதே!

இனி முக்கியமான கேள்வி. 4 வீல் டிரைவ் நமக்கு தேவைதானா?

போளூரில் இருந்து ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்கு தினமும் அரசு பஸ் போகிறது. கூட்டத்தோடு, மூட்டையோடு வளைவு வளைவாக ஏறுகிறது. அந்த பஸ்சுக்கு 4 வீல் டிரைவ் கிடையாது. பின்சக்கரம்தான் தள்ளுகிறது!

தார் ரோட்டில் போகிறவருக்கு 4 வீல் டிரைவ் எந்த வேலையும் செய்யாது. சொல்லப்போனால், காய்ந்த தார் ரோட்டில் அதை போட்டுக்கொண்டு திரும்பினால் கியர் பெட்டிக்கும் டயருக்கும் கேடு. மலை மேல் நிலம் வைத்திருப்பவர், மழையில் களிமண் பாதையில் போய் வருகிறவர், தார் போடாத குக்கிராமத்துக்கு வேலையாக போகிறவர், இவர்களுக்கு அது தெய்வம். கல்யாணம், காதுகுத்து, கிரிவலம் என்று சுற்றுகிற குடும்பத்துக்கு அது வீட்டு பரணில் இருக்கும் கடப்பாரை மாதிரி. இருக்கும், எடுக்க மாட்டீர்கள். அந்த 2 லட்சத்துக்கு 6 ஏர்பேக் உள்ள மாடலையோ, நல்ல டயரையோ வாங்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

"ஏரி தண்ணி ரோட்டுல வந்தா உதவுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. சாத்தனூர் அணையில் இருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். ராக்ஸ் 650 மில்லி மீட்டர், கூர்கா 700 மில்லி மீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்வது உண்மைதான். அது நிற்கிற தண்ணீருக்கு. இரண்டடி வெள்ளம் ஓடினாலே பெரும்பாலான வண்டிகளை தள்ளிக்கொண்டு போய்விடும். 650 மில்லி மீட்டர் என்பது இரண்டடிக்கு கொஞ்சம்தான் மேலே.

காட்டுக்குள் போனால் கேஸ்

இன்னொரு விஷயத்தை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஜீப்பை விட்டால் தமிழ்நாடு வன சட்டப்படி குற்றம். 1882-ம் வருஷத்து சட்டம், இன்னும் அமுலில் இருக்கிறது. மலைக்கு போகும் ஜீப் என்றால், மலை ரோட்டில் போகும் ஜீப் என்று மட்டும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டும்.

வாங்கிய மறுநாளே முன்னால் இரும்பு கிராதி, வெளியே பிதுங்கும் டயர் என்று அலங்காரம் செய்கிறார்கள். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். அதோடு, முன்னால் கிராதி இருந்தால் மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம்.

20 லட்சம் என்ற கோடு

ரோடு டாக்சில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியபடி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். 20 லட்சத்தை தாண்டினால் 20 சதவீதம். 19 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 3 லட்சத்து 58 ஆயிரம். 20 லட்சத்து 10 ஆயிரம் வண்டிக்கு 4 லட்சத்து 2 ஆயிரம். கலருக்கும் சன்ரூபுக்கும் ஆசைப்பட்டு 20 ஆயிரம் கூட்டினால், வரியில் மட்டும் 44 ஆயிரம் கூடுகிறது!

கடன் வாங்குகிறவர்கள் இதையும் பாருங்கள். 15 லட்சத்தை 9 சத வட்டியில் 7 வருஷத்துக்கு வாங்கினால் மாசம் சுமார் 24 ஆயிரத்து 100. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 5 லட்சத்தை தாண்டியிருக்கும்.

அம்மாவை ஏற்றி பாருங்கள்

ஓட்டிப்பார்க்க வண்டி கொடுக்கும்போது மகன் மட்டும் போய் வேலூர் ரோட்டில் நூறில் அழுத்திவிட்டு "சூப்பர்ப்பா" என்று வருவது வழக்கம். அதில் ஒன்றும் தெரியாது. முட்டி வலி உள்ள அம்மாவை பின் சீட்டில் ஏறச்சொல்லுங்கள். அவர் எதை பிடித்து ஏறுகிறார், இறங்கும்போது கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு வேகத்தடை மேல் ஓட்டி, "எப்படிம்மா இருக்கு?" என்று அவரிடம் கேளுங்கள். ஸ்கார்ப்பியோ-என் வாங்கப்போகிறவர்கள் மூன்றாவது வரிசையில் பெரிய ஆள் ஒருவரை உட்காரவைத்து, பின்னால் மூட்டை வைக்க எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இந்த நாலு வண்டியிலும் பின் கதவு மேலே தூக்காது, வீட்டு கதவு மாதிரி பக்கவாட்டில்தான் திறக்கும். சுவரை ஒட்டி பின்னால் நிறுத்தினால் டிக்கியில் இருந்து ஒரு அரிசி மூட்டைகூட எடுக்க முடியாது. ராக்சின் நீளம் 4,428 மில்லி மீட்டர், ஸ்கார்ப்பியோ-என் 4,662, கூர்கா 4,390, ஜிம்னி 3,985. கதவு திறக்க இடம் இதற்கு மேல் தனி. சந்துக்குள் வீடு உள்ளவர்கள் புறப்படும் முன் வாசலை டேப் போட்டு அளந்து, ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போவது நல்லது.