கழிப்பறையில் கறை

வீட்டில் கழிப்பறை இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். ஆனாலும் பீங்கானில் மஞ்சள் கறை படிகிறது. சில வீடுகளில் செம்பழுப்பாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

கறை பிடித்த கழிப்பறைக்குள் போக யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சிலர் மறுபடியும் வெளியே போகத் தொடங்குவார்கள். கறையைப் போக்க அவசரப்பட்டு ஆசிட்டை ஊற்றுவோரும் உண்டு. அதில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கறை எப்படி வருகிறது? அதை எப்படிப் போக்குவது? பார்ப்போம்.

கறை எங்கிருந்து வருகிறது?

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு. இப்படி உப்பு அதிகம் உள்ள தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். அதில் சோப்பு சரியாக நுரைக்காது. ராஜஸ்தான் போன்ற வறண்ட இடங்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் இப்படி இருக்கிறது.

இந்த உப்பு பீங்கானிலும் படியும். நாளுக்கு நாள் தடித்துக் கல்லாகும். சிறுநீரில் உள்ள உப்பும் அதோடு சேரும். அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் படிவு மஞ்சளாக மாறும்.

செம்பழுப்புக் கறை வேறு. அது இரும்புத் துரு. அசாம், மேற்கு வங்காளம் போன்ற இடங்களில் நிலத்தடி நீரில் இரும்பு அதிகம். அடிபம்பிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டதும் நிறம் மாறும். அந்த நிறம்தான் பீங்கானில் ஒட்டுகிறது.

புளிப்புதான் மருந்து

பித்தளைக் குடத்தை எதனால் தேய்க்கிறோம்? புளியால் தேய்க்கிறோம். புளியில் உள்ள புளிப்பு கறையைக் கரைக்கிறது. கழிப்பறைக் கறைக்கும் இதே வழிதான். உப்புக் கறையையும் துருவையும் புளிப்புப் பொருள் கரைக்கும். சோப்பு கரைக்காது.

இதற்குச் சிட்ரிக் ஆசிட் பொடி நல்லது. எலுமிச்சையில் உள்ள புளிப்பு இதுதான். வட இந்தியாவில் 'நிம்பூ கா பூல்' என்று கேட்டால் மளிகைக் கடையில் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் வினிகர் போதும்.

செய்யும் முறை

1. கழிப்பறையின் கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். கையுறை போடுங்கள்.
2. பீங்கானில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.
3. ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் 3 அல்லது 4 மேசைக்கரண்டி பொடியைக் கரையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பீங்கான் விரிசல் விடும்.
4. பழைய துணியை இதில் நனைத்துக் கறையின் மேல் போடுங்கள். துணி இல்லாவிட்டால் கரைசல் வழிந்து ஓடிவிடும். கறை ஊறாது.
5. இரவு முழுவதும் ஊற விடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.
6. காலையில் துணியை எடுங்கள். துணியைக் குழிக்குள் போகவிடக் கூடாது. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

பல வருடக் கறை ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று இரவுகள் இப்படிச் செய்யுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

சிலர் வினிகரோடு சோடா உப்பைக் கலக்கிறார்கள். நன்றாகப் பொங்கும். ஆனால் சோடா உப்பு புளிப்பை முறித்துவிடும். கறை கரையாது. இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

மணல், செங்கல் தூள், இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். பீங்கானின் வழவழப்பு போய்விடும். கீறல் விழுந்த இடத்தில் கறை இன்னும் வேகமாகப் படியும்.

பிளீச்சிங் பவுடர் எதற்கு?

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆனால் உப்புப் படிவைக் கரைக்காது. துருக்கறைக்கும் அது உதவாது.

இரண்டையும் கலக்காதீர்கள்

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அத்தை, ஆசிட் ஊற்றினேன். கறை போகவில்லை. பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடட்டுமா?”

“வேண்டாம் அம்மா! இரண்டும் சேர்ந்தால் விஷக்காற்று வரும். வெளியே வா முதலில்.”

அத்தை சொல்வது சரி. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற வாயு வரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். நுரையீரலைப் பாதிக்கும். சிறிய அறையில் மூச்சுத் திணறி உயிர் போகலாம். குளோரின் காற்றைவிடக் கனமானது. கீழேயே தங்கும். குனிந்து தேய்ப்பவருக்கு ஆபத்து அதிகம்.

வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எதையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. கடையில் விற்கும் கழிப்பறைத் திரவம் பலவற்றில் ஆசிட் இருக்கிறது. அதையும் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் ஒன்று, வேறொரு நாள் இன்னொன்று. நடுவில் நன்றாகக் கழுவ வேண்டும்.

காரமான நெடி வந்தால் உடனே வெளியே வாருங்கள். திறந்த காற்றில் நில்லுங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆசிட் பாட்டில் கவனம்

ஆசிட் தோலையும் கண்ணையும் பொசுக்கும். சிமெண்டையும் மொசைக்கையும் அரிக்கும். அடிக்கடி நிறைய ஊற்றினால் குழியில் மலத்தை மக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்கள் சாகும்.

ஆசிட்டைக் கண்டபடி விற்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது.

குளிர்பான பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும்போது தொண்டையை மறுபடியும் பொசுக்கும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணில் பட்டால் 15 முதல் 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

கறை வராமல் தடுக்க

பயன்படுத்தும் முன் பீங்கானில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கு ஒட்டாது. தினமும் ஒரு முறை பிரஷ் போடுங்கள். குழாய் சொட்டினால் சரி செய்யுங்கள். சொட்டும் இடத்தில்தான் கோடாகக் கறை படியும். வாரம் ஒரு முறை சிட்ரிக் ஆசிட் கரைசல் ஊற்றினால் உப்பு கல்லாகாது.

கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்துகிறோம். கழுவும் வேலை மட்டும் ஏன் ஒருவருக்கு? ஆண்களும் முறை வைத்துக் கழுவலாம்.

பதில் சொல்லுங்கள்

1. உங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறதா?
2. உங்கள் வீட்டுக் கறை மஞ்சளா, செம்பழுப்பா?
3. பிளீச்சிங் பவுடரோடு எவற்றைச் சேர்க்கக் கூடாது?
4. உங்கள் வீட்டில் ஆசிட் பாட்டில் எங்கே இருக்கிறது? குழந்தையின் கைக்கு எட்டுமா?