பெயருக்கும் ஒரு குத்தகை



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழ்வோர்க்குக் குத்தகை என்னும் சொல் புதிதன்று. சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்க் குதங்கள் யார் கையில், எத்தனை ஆண்டுக்கு என்னும் பேச்சு 2022 சனவரி உடன்படிக்கை வரையில் நீண்டது. இன்று நாம் ஆராயப்புகும் பொருளும் குத்தகையே. ஆயின் நிலத்தின் மீதன்று, பெயரின் மீது.

இணையத்தில் ஒரு நிறுவனம் பூண்டிருக்கும் பெயரை 'டொமைன்' என்பர். அதனை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், ஓராண்டு முதல் பத்தாண்டு வரை வழங்கும் உரிமையையே பெறுகின்றோம். 'டொட் கொம்' பெயர்களின் மூல ஏட்டைப் பேணுவது வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனம். அதற்கும் நமக்கும் இடையே நிற்பவர் பதிவாளர். அவரிடம் வெரிசைன் பெறும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டெம்பரில் 10.26 டொலராயிற்று. இவ்வடக்கவிலை எல்லாப் பதிவாளர்க்கும் ஒன்றே. அவ்வாறாயின், ஒருவர் முதலாண்டுக்கு இரண்டு டொலர் என்று கூவி விற்பது எங்ஙனம்? அவ்விழப்பைப் பின்வரும் ஆண்டுகளில் மீட்கும் எண்ணத்தோடுதான். ஆகவே விளம்பரத்தின் பெரிய எழுத்தை விடுத்து, புதுப்பித்தற் கட்டணத்தைத் தேடிப் படித்தல் வேண்டும். கிளவுட்ஃபிளேர் அடக்கவிலைக்கே தருகின்றது. எனினும் பெயரை வழிப்படுத்தும் சேவையையும் அங்கேயே வைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

டொலரில் மாறாத கட்டணமும் ரூபாவில் மாறும். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் மறந்துவிடவில்லை. 'டொட் எல்கே' பெயருக்கு ரூபாவிலேயே செலுத்தலாம். அதன் ஏடும் 1990 தொட்டு இந்நாட்டிலேயே உள்ளது. 2010 முதல் 'இலங்கை' என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர்களுக்கும் வழி பிறந்தது. அதனை நம்மவர் அதிகம் நாடாதது எமக்கு வியப்பே.

இனி, சேவை. நிலாவெளிக் கரையில் விடுதி நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பெயரைப் பதிந்தவர் மருமகன். அவர் கடல் கடந்து சென்று ஆண்டுகள் சில. தவணை முடியுமுன் ஒரு மாதத்திலும் ஒரு வாரத்திலும், முடிந்தபின் ஐந்து நாட்களுக்குள்ளும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகான் என்னும் உலக அமைப்பின் விதி. நினைவூட்டல் வந்தது, ஆனால் மருமகன் என்றோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு. சித்திரையில் பயணிகள் வரத் தொடங்கும் வேளையில் பக்கம் மறைகின்றது. முன்பதிவுக் கடிதங்களும் நின்றுபோகின்றன.

தவணை தவறியதும் பெயர் கைநழுவிவிடாது. பல பதிவாளர் சில வாரம் பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்க இடமளிப்பர். 'டொட் கொம்' ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கேட்கப்படும் தொகையோ பன்மடங்கு. அதன்பின் ஐந்து நாளில் பெயர் யாவர்க்கும் பொதுவாகிவிடும்.

இத்தகைய வேளையில்தான் பதிவாளரின் தரம் வெளிப்படும். நமக்குக் காலை ஒன்பது மணியாகும்போது நியூயோர்க்கில் இரவு. மறுமுனையில் விடை தருபவர் மனிதரா, இயந்திரமா என்பதைப் பணம் செலுத்துமுன் ஒரு கேள்வி அனுப்பியே அறிந்துகொள்ளலாம். நீங்கும் உரிமையையும் நோக்குக: வேறு பதிவாளரிடம் செல்வதற்கான இரகசியக் குறியீட்டைக் கேட்ட ஐந்து நாட்களுக்குள் தருதல் அவர் கடமை. விடுதியாளர் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு: பதிவேட்டில் மருமகனின் முகவரியை நீக்கி, தம் பெயரையும் தாம் நாளும் திறக்கும் மின்னஞ்சலையும் எழுதுவித்தல்.