கண்ணாடித் தட்டில் வளரும் குடல்

நாம் உண்ணும் சோற்றின் சாரத்தை ரத்தத்தில் சேர்க்கும் சிறுகுடலின் உட்படலம், நாலைந்து தினங்களுக்கு ஒருமுறை பழைய உயிரணுக்களை உதிர்த்துத் தன்னை முற்றிலும் புதுப்பித்துக்கொள்கிறது. இந்த ஓயாத சிருஷ்டிக்கு மூலமான ஸ்டெம் செல்கள் படலத்துக் குழிகளின் அடியில் இருப்பதை, நெதர்லாந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்கூடத்தார் 2007-இல் அடையாளம் காட்டினார்கள். அங்கே பணிபுரிந்த ஜப்பானியரான தோஷிரோ சாட்டோ, சுண்டெலியின் குடலிலிருந்து அத்தகைய அணு ஒன்றே ஒன்றைப் பிரித்து, ஒருவகைக் கூழில் பதித்து, வளர்ச்சிக்கு வேண்டிய சில புரதங்களை ஊட்டிவந்தபோது, அது பல்கிப் பெருகி, குழியும் மேடுமாக, நடுவே ஒரு வெற்றிடத்தையும் வைத்து, குடற்சுவரின் அமைப்பைத் தானாகவே கட்டிக்கொண்டது. 2009-இல் வெளியான இச்செய்தியைத் தொடர்ந்து, இரண்டே வருஷங்களில் மனிதக் குடலும் இவ்வாறு வளர்க்கப்பட்டது. இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர்.

இதன் பிரயோஜனத்தைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை வியாதியில் பிரத்தியட்சமாகக் காணலாம். இவ்வியாதியில் அணுக்களிலிருந்து உப்பையும் அதைத் தொடர்ந்து நீரையும் வெளிவிடும் புரத வாயில் பழுதுபட்டிருப்பதால், நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகிவிடுகிறது. நோயாளியின் மலக்குடலிலிருந்து கிள்ளியெடுத்த சிறு துணுக்கைக்கொண்டு ஆர்கனாய்டுகளை வளர்த்து, அவற்றின்மீது ஃபோர்ஸ்கோலின் என்னும் ரசாயனத்தை விடுகிறார்கள். (இது நம் சேலம் வட்டாரத்தில் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கில் உள்ள சரக்குதான்.) வாயில் செவ்வையாக இருந்தால், உள்ளே நீர் பாய்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் அந்த நுண்ணுருண்டைகள் பலூனைப்போல் உப்புவது மைக்ராஸ்கோப்பில் தெரியும், பழுதாயிருந்தால் உப்புவதில்லை. அப்படி உப்பாதவை, ஐவகாஃப்டர் போன்ற மருந்தைச் சேர்த்ததும் உப்புமானால், அம்மருந்து அந்த நோயாளிக்குப் பலிக்கும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே உரிய அபூர்வ மரபுப் பிறழ்ச்சிகளுக்கு, நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிப் பரிசோதிப்பது எக்காலத்தும் நடவாத காரியம் என்பதை நினைத்தால், இந்த எளிய சோதனையின் அருமை விளங்கும்.

வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸும் இதனால்தான் வசப்பட்டது. 1968-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து நார்வாக் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் பரவிய அதனை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் வழி நெடுங்காலம் பிடிபடவேயில்லை. 2016-இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸின் குழுவினர், மனிதக் குடல் ஆர்கனாய்டிலிருந்து எடுத்த அணுக்களில் அதனை வளர்த்தனர். அதன் சில வகைகள் பித்தநீரும் சேர்ந்தாலன்றி வளரவில்லை.

ஆயினும், குடலையே செய்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் ஆர்ப்பரிப்பது சற்று மிகை. சாதாரண ஆர்கனாய்டில் ரத்தக்குழாயில்லை, நரம்பில்லை, தசையில்லை. கோடானுகோடி பாக்டீரியாக்களின் சகவாசமும் இல்லை. மிருகங்களை வதைக்காமல் ஆராயலாம் என்று போற்றப்படும் இம்முறையில், அணுக்களைப் பதிக்கும் கூழ் பெரும்பாலும் சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதற்கு மாற்றாகச் செயற்கைக் கூழ்களைத் தயாரிக்கும் முயற்சியும் நடந்துவருகிறது.