பிரின்டருக்குக் கள்ளக்குறிச்சி 42 பைட்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதே மண், 1993-க்கு முன்பு தென்னாற்காடு. மாவட்டப் பெயர் மாறும்போது அலுவலகக் கடிதத் தலைப்பை மாற்றுவது பெரிய வேலையல்ல. கோப்பைத் திறந்து திருத்தினால் முடிந்தது. ஆனால் பிரின்டரிலிருந்து வரும் தாளில் இன்னொரு தலைப்பும் வரலாம். அச்சிட அனுப்பிய எந்தக் கோப்பைத் திறந்து தேடினாலும் அது கிடைக்காது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை அலுவலகம் ஒன்றில் ஐந்து மேசைக்கும் ஒரே பிரின்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருமானச் சான்றிதழும் இன்னொருவர் பட்டா நகலும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். மாவு மில்லில் வரிசையாக நிற்கும் டப்பாக்களைப் போல, பெயர் ஒட்டாவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு பெயர்த்தாள் அச்சிடும் வழக்கம் வந்தது. மெயின்பிரேம் காலத்தில், மடிப்பு மடிப்பாக இறங்கும் தொடர்தாளில் பயனரின் பெயர் பக்க அகலத்துக்கு வரும். சின்னச் சின்ன எழுத்துகளை அடுக்கியே அந்தப் பெரிய எழுத்தை உருவாக்கினார்கள். ஆபரேட்டர் தூரத்திலிருந்தே படித்து, கிழித்து, உரியவரின் அறைப்பெட்டியில் போட்டுவிடுவார்.

யார் அனுப்பியது என்று பிரின்டருக்கு எப்படித் தெரியும்? 1990-இல் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணம் விவரித்த முறையில், ஒரு வேலைக்கு இரண்டு கோப்புகள் போகும். ஒன்று அச்சாக வேண்டியது. மற்றது கட்டுப்பாட்டுக் கோப்பு: ‘எச்’ என்று தொடங்கும் வரியில் கணினியின் பெயர், ‘பி’ வரியில் ஆளின் பெயர், ‘ஜே’ வரியில் வேலையின் பெயர்; ‘எல்’ வரி இருந்தால் பெயர்த்தாளும் அச்சிடு என்று பொருள். ஆக, தலைப்பு ஆவணத்தைத் தொடாமல் தனியே பயணம் செய்கிறது. எல்லா வேலையும் ஒரே சர்வர் வழியாகப் போனால், அங்கே ஒரு முறை மாற்றினால் ஐந்து மேசைக்கும் மாறிவிடும்.

விண்டோஸில் பிரின்டரின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘செப்பரேட்டர் பேஜ்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அது கேட்பது சிறு உரைக்கோப்பு ஒன்றை. அதில் ‘என்’ குறி பயனர் பெயரையும் ‘டி’ குறி தேதியையும் நிரப்பும். ‘எல்’ குறிக்குப் பின் நாம் விரும்பிய வாசகத்தை எழுதலாம்.

அங்கே ‘கள்ளக்குறிச்சி’ என்று தமிழில் எழுதினால்தான் வேடிக்கை ஆரம்பம். நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 14 குறிகள், ஏனெனில் புள்ளிக்கும் இகர, உகர வடிவங்களுக்கும் தனித்தனிக் குறி. யூடிஎஃப்-8 முறையில் அனுப்பினால் குறிக்கு மூன்று வீதம் 42 பைட். தமிழ் அறியாத பிரின்டர் அவற்றை 42 தனி எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, புரியாத கோலங்களாகத் துப்பும். தமிழ் எழுத்துரு உள்ளே இருந்தாலும் போதாது. ககரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து ‘கு’ என்ற புது வடிவமாக்க யாராவது வேண்டும். அந்த வேலையைக் கணினியிலேயே முடித்துவிடுவதுதான் வழி. லினக்ஸில் ‘கப்ஸ்’ என்ற அச்சு மென்பொருளோடு, தமிழ் வரி ஏற்கெனவே வரைந்த பிடிஎஃப் பக்கத்தைப் பெயர்த்தாளாக வைக்கலாம். ஆள் பெயரும் நேரமும் அதன்மேல் நிரம்பும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கச் சான்றிதழ்களே அதிகம் அச்சாகும் இடத்தில் பெயர்த்தாள் வைத்தால் காகிதச் செலவு இரட்டிப்பு. அங்கே இதை அணைத்துவிட்டு, ஆள் வந்து ரகசிய எண்ணை அழுத்திய பிறகே அச்சாகும் வசதி பிரின்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்துவேன்.